ஊசியில் கட்டி கரைந்துவிட்டது என்றால், ஆஞ்சியோ எதற்கு?

கேள்வியின் சுருக்கம் இது. 58 வயதுத் தந்தைக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. தாலுகா மருத்துவமனையில் ஈ.சி.ஜி. பார்த்து மாரடைப்பு என்று உறுதிசெய்து, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது. இப்போது நகரத்து மருத்துவமனைக்கு மாற்றிவிட்டு, நாளைக்குள் ஆஞ்சியோ (இதயக் குழாய்களில் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே படம்) செய்ய வேண்டும், தேவைப்பட்டால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய்) வைக்க வேண்டும் என்கிறார்கள். "கட்டிதான் கரைந்துவிட்டதே, வலியும் இல்லை, பிறகு எதற்கு இதெல்லாம்? பணம் பிடுங்கவா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நான்கு மாதங்களுக்கு முன் டிரெட்மில் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்களே, அது பொய்யா என்பது இன்னொரு கேள்வி.

ஆஞ்சியோவுக்குச் சம்மதித்துவிடுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காரணம் சொல்லி முடிக்கும்வரை உங்கள் அப்பா காத்திருக்கக் கூடாது. ஊசி போட்டவரும் ஆஞ்சியோ வேண்டும் என்பவரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசவில்லை. ஒரே வைத்தியத்தின் முன்பாதியை அவர் செய்தார், பின்பாதியை இவர் செய்யப்போகிறார். இதய நோய்ப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஏன் அப்படி என்று கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மாரடைப்பு என்றதும் பலர் மனதில் இருக்கும் படம், உப்பு படிந்து படிந்து ஒரு நாள் அடைத்துக்கொள்ளும் தண்ணீர்க் குழாய். பாதிக் குழப்பம் அந்தப் படத்தால் வருவது. கொழுப்பு படிவது குழாய்ச் சுவரின் உள்தோலுக்கு அடியில். அங்கே பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கும். அதை மூடியிருக்கும் மெல்லிய தோல் ஒரு நாள் வெடிக்கிறது, பழுத்த பரு உடைவதைப்போல. உள்ளே இருக்கும் கொழுப்புக் கூழ் ரத்தத்தில் பட்டதும், உடல் அதைக் காயம் என்று எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. அவற்றைச் சுற்றி ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னுகின்றன, அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்குகின்றன. அரிவாள்மணையில் விரல் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றுவதும் இதே வேலைதான். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள இதயத் தமனிக்குள் நடந்துவிட்டால் அதுவே ஆளைக் கொன்றுவிடுகிறது.

டிரெட்மில் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் போகிற அளவுக்குக் குறுகிய குழாயைத்தான் அந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். குழாயைப் பாதிகூட அடைக்காத ஒரு படிவு அதில் மாட்டாது. ஆனால் வெடிப்பது பல நேரம் அந்த மாதிரிப் படிவுதான். நான்கு மாதங்களுக்கு முன் சொன்னது பொய்யில்லை. இன்று விடியற்காலை நடந்ததை அது முன்கூட்டிச் சொல்லியிருக்கவும் முடியாது.

கட்டிதான் குற்றவாளி என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவே பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹெரிக் 1912இலேயே இதயத் தமனியில் ரத்தம் உறைவதைப் பற்றியும், அதற்குப் பிறகும் நோயாளி பிழைத்திருக்க முடியும் என்பதைப் பற்றியும் எழுதிவிட்டார். பிறகு சந்தேகம் வந்தது. மாரடைப்பில் இறந்தவர்கள் எல்லோருடைய தமனியிலும் கட்டி கிடைக்கவில்லை. ஆகவே கட்டி காரணமா, அல்லது தசை செத்த பிறகு வந்து சேர்ந்த விளைவா என்று 1970களில் பெரிய வாக்குவாதமே நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் மார்கஸ் டிவுட் குழுவினர் செய்த காரியம் அதை முடித்துவைத்தது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் பதறியிருப்பார்கள். வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் பார்த்த 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துப் பார்த்தவர்களில் அது 65 சதவீதமாகக் குறைந்திருந்தது. 1980இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. அதாவது கட்டி முதலில் இருக்கிறது, பிறகு சிலருக்கு உடலே கொஞ்சம் கரைத்துவிடுகிறது. பிணப் பரிசோதனை செய்தவர்கள் அதனால்தான் ஏமாந்தார்கள். உடல் கரைக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் தசை செத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

கரைக்கும் மருந்து அதற்கும் வெகுகாலம் முன்பே கையில் இருந்தது. 1933இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் டில்லெட்டும் கார்னரும், தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஃபைப்ரினைக் கரைக்கும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டார்கள். பின்னாளில் அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். அது தானே போய்க் கட்டியைக் கடிப்பதில்லை. நம் ரத்தத்திலேயே பிளாஸ்மினோஜன் என்ற புரதம் தூங்கிக்கொண்டிருக்கிறது; அதை எழுப்பிப் பிளாஸ்மினாக மாற்றிவிடுகிறது. பிளாஸ்மின் போய் ஃபைப்ரின் வலையை அறுக்கிறது. கட்டியைக் கரைக்கிற ஊசி எதுவாக இருந்தாலும் செய்வது இந்த வேலையைத்தான். புதிய மருந்துகளான ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் ஆகியவை ரத்தம் முழுக்க இந்த வேலையைக் கிளப்பிவிடாமல், பெரும்பாலும் ஃபைப்ரின் இருக்கும் இடத்திலேயே கிளப்பிவிடுகின்றன. உங்கள் அப்பாவுக்கு எடை கேட்டுவிட்டு ஒரே ஊசியாகச் சில நொடிகளில் போட்டிருந்தால் அது டெனெக்டிபிளேஸாக இருக்கும். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் ஏற்றியிருந்தால் ஸ்ட்ரெப்டோகைனேஸ்.

எங்கள் தலைமுறை ஸ்ட்ரெப்டோகைனேஸோடு வளர்ந்தது. 15 லட்சம் யூனிட்டை உப்புநீரில் கலந்து ஏற்றிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவோம். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். சொட்டை மெதுவாக்குவோம், காலைத் தூக்கி வைப்போம். திடீரென மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக மாறும். பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் அலறுவார்கள், நாங்களோ உள்ளுக்குள் மகிழ்வோம். குழாய் திறந்து, பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் போகத் தொடங்கும்போது அப்படி ஒரு தாளக் கேடு வருவதுண்டு. கிருமியிலிருந்து வந்த மருந்து என்பதால் உடல் அதற்கு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கிவிடும். ஒருமுறை போட்டவருக்கு மறுமுறை போடக் கூடாது. அதனால் மருந்தின் பெயரை வெளியேறும் சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்போம்.

இது உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா என்று நிரூபித்தது இத்தாலி. ஜிஸ்ஸி என்ற ஆய்வில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள்; 1986இல் முடிவு வந்தது. ஊசி போடாதவர்களில் 13 சதவீதம் பேரும், போட்டவர்களில் 10.7 சதவீதம் பேரும் 21 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி கிடைத்தவர்களிடம் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஐசிஸ்-2 ஆய்வு, 17,187 பேர். ஆஸ்பிரின் மட்டும், ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல் என நான்கு பிரிவு. இரண்டும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இறந்தவர்கள் 13.2 சதவீதம், இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஆஸ்பிரின், அத்தனை விலையுள்ள ஊசிக்குச் சமமாக நின்றது.

அந்த ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளிகளைச் சின்னச் சின்னப் பிரிவாகப் பிரித்து, யார் யாருக்குப் பலன் என்று பார்க்க வேண்டாம், தற்செயலாக எதுவும் வரும் என்று எச்சரிப்பதற்காக, ஆய்வாளர்கள் ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை என்று வந்தது! நம் ஊரில் இதை விளையாட்டுக்குச் சொல்லக்கூட எனக்குப் பயம். எனவே மிதுன ராசிக்காரர்களும் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு படம். குழாய் அடைபட்டதும் அந்தப் பகுதித் தசை முழுவதும் ஒரே நொடியில் செத்துவிடுவதில்லை. 1970களில் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களில் காட்டியபடி, சாவு இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, அலைபோல் வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. சில மணி நேரத்தில் சுவரின் முழுத் தடிமனும் போய்விடுகிறது. அலை எந்த இடத்தில் இருக்கும்போது நாம் குழாயைத் திறக்கிறோமோ, அதற்கு அப்பால் உள்ள தசை நமக்கு மிச்சம். 1996இல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் ஆயிரம் பேரில் 65 உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது, இரண்டாவது மணி நேரத்தில் 37, அடுத்ததில் 26. ஆறாவது மணிக்கு வந்தவருக்கும் பலன் உண்டு, ஆனால் முதல் மணிக்கு வந்தவரின் பலனுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை இந்த நேரம் பெரும்பாலும் வீட்டில்தான் வீணாகிறது. "வாய்வுப் பிடிப்பு" என்று ஓமவாட்டர், பிறகு சோடா, பிறகு நெஞ்சில் தைலம், பிறகு விடியட்டும் என்று ஒரு தூக்கம். நடுநெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கை அல்லது தாடை வரை இழுக்கும் வலி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சுத் திணறலுமாகவும் வரலாம். உங்கள் வீட்டில் விடியும்வரை காத்திருக்காமல் கூட்டிப்போனீர்களே, உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த முதல் வைத்தியம் அதுதான்.

இனி வீட்டுப் பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். கட்டி கரைந்துவிட்டதா என்பது முதலில் உறுதியாகத் தெரியாது. வலி அடங்கியது நல்ல அறிகுறிதான். ஆனால் மார்ஃபின் கொடுத்தாலும் வலி அடங்கும். அதனால் ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்துக்குள் இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. என்று ஒரு பகுதி உண்டு, குழாய் அடைபட்டால் அது உயரும்; முதல் ஈ.சி.ஜி.யில் அது எவ்வளவு உயர்ந்திருந்ததோ, அதில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இறங்கவில்லை என்றால் நாளை வரை பொறுக்கக் கூடாது, உடனே கேத் லேப், அதாவது ஆஞ்சியோ செய்யும் கூடம். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: "எஸ்.டி. எவ்வளவு இறங்கியிருக்கிறது, டாக்டர்?"

இரண்டாவது, கரைந்தாலும் முழுவதும் கரைந்திருக்காது. கஸ்டோ என்ற ஆய்வில் ஊசி போட்டு 90ஆவது நிமிடத்தில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். தடையில்லாத முழு ஓட்டம் ஆல்டிபிளேஸ் போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்குக் குழாய் மூடியே இருந்தது, அல்லது நூல்போல ஓடியது.

மூன்றாவதுதான் பலருக்கும் வியப்பாக இருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியே புதிய கட்டி உருவாகவும் வழி செய்கிறது. ஃபைப்ரின் வலையை அறுக்கும்போது, அதற்குள் சிறைப்பட்டிருந்த திராம்பின் வெளியே வருகிறது. ரத்தத்தை உறையவைப்பதே திராம்பினின் தொழில். தட்டணுக்களையும் அது உசுப்பிவிடும். கீழே, வெடித்த படிவு இன்னும் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே கிடக்கிறது. ஊசி கட்டியைத்தான் தொட்டது, அந்தப் புண்ணைத் தொடவே இல்லை. அதனால்தான் ஊசியோடு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி என்று ஒரு கூட்டமே காவல் நிற்கிறது. அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ எடுத்து, புண் இருக்கும் இடத்தை ஸ்டென்ட் வைத்து ஒட்டிவிடப் பார்க்கிறார்கள். வலி போய்விட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், நான்காம் நாள் மறுபடி அடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் வந்து சேரவே இல்லை.

அப்படியென்றால் முதலிலேயே ஆஞ்சியோ செய்திருக்கலாமே என்று அடுத்து கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1977 செப்டம்பரில் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்ஸிக் முதன்முதலாக மனித இதயத் தமனிக்குள் சின்னப் பலூனை விரித்து அடைப்பை அகலப்படுத்தினார். சில ஆண்டுகளுக்குள் மாரடைப்பின் நடுவிலேயே அதைச் செய்யத் துணிந்தார்கள். 2003இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களில் 9 சதவீதமும் உடனடிப் பலூன் பெற்றவர்களில் 7 சதவீதமும் இறந்திருந்தார்கள். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் பலூனில் குறைவு. ஆகவே கேத் லேப் பக்கத்திலேயே இருந்தால் நேராக அதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் மாரடைப்பு என்று கண்டறிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியாது என்று தெரிந்தால், பத்து நிமிடத்துக்குள் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பு என்பதே இன்றைய விதி. தாலுகா ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் பிடித்து, நகரத்து நெரிசலைத் தாண்டி, கேத் லேப் குழுவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, காகிதங்களில் கையெழுத்து வாங்கி எல்லாம் முடிவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் பறந்துவிடும். உங்களை முதலில் பார்த்தவர் கணக்குப் போட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்திருக்கிறார். அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். சின்ன மருத்துவமனையில், விடியற்காலையில், அந்த ஊசியைப் போடத் துணிச்சல் வேண்டும்.

இப்படி ஊசியும் ஆஞ்சியோவும் சேர்ந்த வழி, ஏதோ கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் ஏழை வைத்தியம் இல்லை. 2013இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் பலூன் கிடைக்க வழியில்லாத 1,892 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு டெனெக்டிபிளேஸ் போட்டு, பிறகு ஆஞ்சியோ. மீதிப் பேருக்கு நேராகப் பலூன். ஒரு மாத முடிவில் மரணம், மறு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம் சரிந்துபோகும் அதிர்ச்சி நிலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஊசி வழியில் 12.4 சதவீதம், நேர்வழியில் 14.3 சதவீதம், புள்ளியியல்படி இரண்டும் சமம் என்றே கொள்ள வேண்டும். ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அவசரமாக ஆஞ்சியோ தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள். ஊசி போட்டதோடு நிறுத்தியிருந்தால் அந்த முடிவு வந்திருக்காது.

தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை, சின்ன மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு நான்கு குழுக்களாக இணைத்து, ஊசி முன்னே ஆஞ்சியோ பின்னே என்ற முறையை 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்தார்கள். ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், இணைத்த பிறகு 14.2 சதவீதம். புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பதை ஒழுங்காகக் கோத்ததற்குக் கிடைத்த பலன் இது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவதும் இதே யோசனையின் நீட்சிதான்.

ஊசியின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. நூற்றில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்ததா, அண்மையில் பக்கவாதமோ தலைக்காயமோ அறுவைச் சிகிச்சையோ உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று ஊசிக்கு முன் குடைந்து குடைந்து கேட்பது அதனால்தான். பெருந்தமனியின் சுவர் கிழிந்தாலும் நெஞ்சு வலிக்கும். அதை மாரடைப்பு என்று நினைத்து ஊசி போட்டுவிட்டால் விபரீதம். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு டெனெக்டிபிளேஸ் பாதி அளவுதான் போடுவார்கள். எஸ்.டி. உயராத மாரடைப்பு என்று இன்னொரு வகை உண்டு. குழாய் முழுவதும் மூடாமல், தட்டணுக்களே மிகுந்த வெள்ளைக் கட்டி அங்கே இருக்கும். அதற்கு இந்த ஊசி உதவாது, கெடுதலும் செய்யலாம். "பக்கத்து வீட்டுக்காரருக்கும் மாரடைப்புதான், அவருக்கு ஊசி போடவில்லையே" என்று யாராவது சொன்னால் விடை இதுவாக இருக்கலாம்.

கட்டியைக் கரைப்பானேன், உறிஞ்சி எடுத்துவிடலாமே என்று எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. கம்பி வழியே மெல்லிய குழாயை விட்டு, சிரிஞ்சால் இழுத்தால் சிவப்பாக ஒரு துணுக்கு வந்து விழும். உறவினர்களிடம் காட்டலாம், எல்லோருக்கும் திருப்தி. 2008இல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு ஆதரவாகவும் பேசியது. பிறகு 7,000 பேர், 10,000 பேர் என்று பெரிய ஆய்வுகள் வந்து, எல்லோருக்கும் வழக்கமாக அப்படிச் செய்வதால் மரணம் குறையவில்லை என்றன. அவற்றில் பெரியதான டோட்டல் ஆய்வில் பக்கவாதம் சற்றுக் கூடியும் இருந்தது. கண்ணால் பார்த்த துணுக்கை நம்பிய நாங்கள் எண்ணிக்கைக்கு முன்னால் தலைகுனிந்தோம். பெரிய கட்டி கிடக்கும் சிலருக்கு மட்டும் இப்போது செய்கிறார்கள்.

பெரிய குழாயைத் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. வாய்க்கால் மதகைத் திறந்தாலும் வயலுக்குள் போகும் கிளை வாய்க்கால்கள் தூர்ந்திருந்தால் தண்ணீர் பாயாது. கட்டியின் பொடித் துணுக்குகளும் வீங்கிய தசையும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களை அடைத்துவிடுவது உண்டு. ஆஞ்சியோ படத்தில் பெரிய குழாய் பளிச்சென்று தெரியும், தசைக்கோ ரத்தம் ஏறாது. தாமதமாக வந்தவர்களிடம் இது அதிகம். இதற்கு இன்னும் நல்ல மருந்து இல்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு எக்கோ எடுத்து இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று பார்ப்பது இந்த மிச்சக் கணக்குக்காகத்தான். முதல் வாரத்து எக்கோ மோசமாக வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். செத்துப்போகாமல் மயங்கிக் கிடக்கும் தசை சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தால், ஆஸ்பிரினோடு கொடுக்கும் இரண்டாவது மாத்திரையை வழக்கமாக ஓர் ஆண்டு நிறுத்தக் கூடாது. பல் பிடுங்க வேண்டும் என்றோ, கையில் கன்றிப்போன புள்ளி தெரிகிறது என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புதிய ஸ்டென்டுக்குள் கட்டி உருவானால் அது முதல் மாரடைப்பைவிடக் கொடியது. ஆஞ்சியோவில் வேறு குழாய்களிலும் அடைப்பு தெரிந்து, பைபாஸ் என்று சொன்னாலும் சொல்லலாம். படம் பார்க்காமல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. இப்போதைக்கு, தாலுகா மருத்துவமனையில் எடுத்த முதல் ஈ.சி.ஜி.யையும், ஊசியின் பெயரும் போட்ட நேரமும் எழுதிய சீட்டையும் கேத் லேப் மருத்துவரின் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமையோ இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாயத்தின் அளவை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.